வாசகர் கேள்வி–பதில்: மருமகனின் பண்ணையில் காட்டு முயல்கள்

கேள்வி: என் மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செம்மறியாட்டுப் பண்ணை ஒன்றில் இருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்குப் போயிருந்தபோது, மருமகன் இரவில் நான்கு காட்டு முயல்களைச் சுட்டுக்கொண்டு வந்து, “குழம்பு வையுங்கள் அத்தை” என்றார். வைத்துக் கொடுத்தேன், எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. இப்படிச் சுட்டுத் தின்பது சரியா? உடம்புக்கு ஆகுமா? பண்ணைக்கு இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?
— ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்ற இரண்டும் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

ஆஸ்திரேலியாவில் முயல் மண்ணின் விலங்கன்று. 1859ஆம் ஆண்டு விக்டோரியாவின் வின்செல்சி ஊருக்கு அருகே பெருநிலம் வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின் என்பவர், தம் வேட்டை விருப்பத்துக்காக இங்கிலாந்திலிருந்து சுமார் 24 முயல்களை வரவழைத்தார். பெரும்பாலும் அவற்றின் வழித்தோன்றல்கள்தாம் பின்னர் கண்டத்தின் பெரும்பகுதியை நிறைத்தன. 1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிக்கும் வழி சொல்வோருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பிரான்சின் நுண்ணுயிர் அறிஞர் லூயி பாஸ்டரே கோழிக் காலரா கிருமியைப் பயன்படுத்தலாம் என்று ஆட்களை அனுப்பிப் பார்த்தார், பரிசு கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 1907இல் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட வேலியைக் கட்டி முடித்தபோது, முயல்கள் ஏற்கெனவே அதற்கு அப்பால் போய்விட்டிருந்தன. முயலை ஒழிக்கவென்றே 1950இல் பரப்பிய மிக்சோமா எனும் வைரஸ் நோயும், 1995இல் வார்டாங் தீவு ஆய்விடத்திலிருந்து தப்பிப் பரவிய, முயலைக் கொல்லும் இன்னொரு வைரசான கலிசியும் முதலில் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. பிறகு முயல்களிடம் எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது. வேட்டைக்கென்றே கொண்டுவந்த விலங்கை வேட்டையால் மட்டும் அடக்க முடியாது என்பதை அந்நாடு ஒன்றரை நூற்றாண்டாக அனுபவித்து அறிந்திருக்கிறது.

காரணம் வளைக்குள் இருக்கிறது. பெண்முயல் நான்கு மாதத்தில் பருவமடைந்து, ஏறக்குறைய முப்பது நாள் சுமந்து ஈன்று, ஓரிரு நாளுக்குள்ளேயே மறுபடியும் சினையாகிவிடக்கூடியது. இரவில் விளக்கடித்துச் சுடுபவர் வெளியே மேய வந்தவற்றைத்தான் காண்கிறார். குட்டிகள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன, நான்கு போனால் மிஞ்சியவற்றுக்குப் புல் கூடுதலாகக் கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த மாநிலத்தில் ஒரு பண்ணையைப் பார்த்தேன். புதிதாக நட்ட மரக்கன்றுகள் கத்தியால் சாய்வாகச் சீவியதைப் போல வரிசையாக வெட்டுப்பட்டிருந்தன. சற்றுத் தள்ளி முட்புதரின் அடியில் பன்னிரண்டு வளைவாய்கள், ஒவ்வொன்றின் முன்னும் அன்று காலை தள்ளிய ஈரமண், அதன்மேல் மிளகை விடச் சற்றுப் பெரிய உருண்டைப் புழுக்கைகள். அந்தப் புதரை விட்டுவைத்துவிட்டு எத்தனை இரவு துப்பாக்கியோடு நடந்தாலும் கன்றுகள் பிழைக்கா என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

ஆகவே மருமகனிடம் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். குட்டி ஈனுவது குறைந்திருக்கும் வறண்ட கோடையில் முதலில் எண்ணிக்கையைக் குறைத்து, அடுத்து டிராக்டரில் நீண்ட கொழுக்களைப் பூட்டி வளைகளை ஆழமாகக் கிழித்து மூட வேண்டும். மறைவாக நிற்கும் முட்புதர்களையும் அகற்ற வேண்டும். துப்பாக்கியும், வளைக்குள் விட்டு முயலை வலைக்கு விரட்டும் ஃபெரட் எனும் கீரி போன்ற பிராணியும், மிஞ்சியவற்றுக்கு. பக்கத்துப் பண்ணையாரும் அதே மாதத்தில் செய்தால்தான் பலன் நிற்கும். விக்டோரியாவில் முயலைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் சட்டப்படியான கடமை என்பதால், மருமகன் செய்வதைக் கொடூரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை வற்புறுத்துவேன்: ஒரே குண்டில் தலையில் படும் என்ற உறுதி இல்லாவிட்டால் சுடக்கூடாது. காலில் அடிபட்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் முயல் நாள்கணக்கில் சாகிறது. அதற்கு எந்தச் சட்டக் கடமையும் சமாதானம் ஆகாது. கொன்றதை அழுகவிடாமல் உணவாக்குவது, என் மனத்துக்கு, கொன்றவர் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை. அதற்காக நீங்களும் உண்டாக வேண்டும் என்பதில்லை.

இறைச்சியைப் பொறுத்தவரை, நச்சு வைத்த நிலமா என்பதை முதலில் கேளுங்கள். பிண்டோன், 1080 ஆகிய நச்சுகளைக் காரட்டிலோ ஓட்சிலோ கலந்து வைப்பது அங்கே வழக்கம். அத்தகைய நிலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த முயலைச் சட்டிக்குக் கொண்டுவரவே வேண்டாம். கண் வீங்கிச் சீழ் வடிவது மிக்சோமா நோய். அது மனிதரைத் தொற்றாது என்றாலும் அந்த முயல் உணவுக்கு உரியதன்று. ஈரலில் வெண்புள்ளிகள் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கையுறை அணிந்து உரித்து, குண்டு பட்ட சதையைத் தாராளமாக வெட்டி எறிந்து, உள்ளே சிவப்பு மறையும்வரை வேகவையுங்கள். கொழுப்பே இல்லாத கறி என்பதால் நேரடியாக வறுத்தால் நார் நாராகிவிடும்; உப்புநீரில் ஓரிரவு ஊறவைத்து, மிளகும் சோம்பும் அரைத்துவிட்டு, மெல்லிய தீயில் வேகவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றினால் பதமாக வரும்.

கேள்வி: அப்படிச் சுட்ட முயலை உறையவைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?
— ஒரு வாசகர், ஜூரோங்

பதில்: வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றாலும், சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த இடங்களிலிருந்து வரும் இறைச்சியையே கொண்டுவர முடியும். வயலில் சுட்டு வீட்டில் உரித்தது அதில் சேராது.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் சிறுவயதில் தாத்தாவோடு கண்ணி வைத்து முயல் பிடித்திருக்கிறேன். கடலைக் கொல்லையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்பார். ஊருக்குப் போகும்போது பேரனுக்கு அதைக் காட்டலாமா?
— ஒரு வாசகர், யீஷூன்

பதில்: கண்ணியைக் காட்டாதீர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கண்ணி வைப்பதும் குற்றமே. கடலைக் கொல்லைக்கு, அடியை மண்ணில் புதைத்த கம்பிவலை போதும்.

தாத்தா பிடித்த முயலும் ஆஸ்திரேலிய முயலும் ஒன்றல்ல என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். நம்மூர் முயல் வளை தோண்டாது. புல்லில் உடம்பால் அழுத்திய ஒரு பள்ளமே அதன் வீடு, குட்டிகளும் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கின்றன. வளைமுயலின் குட்டியோ மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் பேரன் பார்க்கும் முயல் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. அதை வாங்கி வளர்த்துச் சலித்துப்போய்ப் பூங்காவில் விட்டுவிடுவோர் இங்கே சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். கூண்டில் வளர்ந்த முயலுக்கு வெளியே பிழைக்கவும் தெரியாது. வளர்க்க முடியாத நிலை வந்தால் விலங்குநலச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம்.