வெறும் ரிப்பன்

கேள்வி: ‘எக்ஸ்ப்ளனேஷன் ஃபார் எவ்ரிதிங்’ என்ற ஹங்கேரியப் படம் பார்த்தேன். கோட்டில் வெறும் ரிப்பன் குத்திக்கொண்டு ஒரு பையன் பரீட்சைக்குப் போகிறான், அதற்காக ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொள்கிறது. இளைஞர் அரசியலை நடுநிலையோடு சொல்லும் படம் என்று வெனிஸில் விருதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மன்னார்குடிக்காரரே, ‘வெறும்’ என்ற சொல்லைக் கேட்டாலே என் கை தானாகப் போய்ப் பர்ஸைப் பிடித்துக்கொள்ளும். ‘வெறும் ஐநூறு ரூபாய்தான், ஒண்ணாம் தேதி தந்துவிடுகிறேன்’ என்று வாங்கிப் போனவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ‘வெறும் ஜுரம்தான்’ என்றார் ஒரு டாக்டர். பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். ‘வெறும் ஆறு பக்கக் கதை சார்’ என்று வந்ததை வெட்டி வெட்டி மூன்று இதழ்களில் போட வேண்டியிருந்தது. எழுதியவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் நம்பத் தகுந்த ‘வெறும்’ ஒன்றே ஒன்றுதான்: வெறும் வயிறு.

இப்போது நீங்கள் ‘வெறும் ரிப்பன்’ என்கிறீர்கள்.

அதற்குக் கொகார்டா என்று பெயர். சிவப்பு, வெள்ளை, பச்சை நாடாவைச் சுருக்கி வட்டமாகத் தைத்து ஊக்கால் குத்திக்கொள்வார்கள். 1848 மார்ச் 15 அன்று ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னராட்சிக்கு எதிராகப் பெஸ்ட் (இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பாதி) நகரத் தெருவில் இறங்கியவர்களின் அடையாளம் அது. முன்னால் நின்ற கவிஞர் பெத்தோஃபிக்கு வயது 25. தங்கள் 12 கோரிக்கைகளை அச்சடிக்க, தணிக்கை அதிகாரியின் அனுமதி இல்லாமலே லாண்டரர் அச்சகத்துக்குள் நுழைந்தார்கள். ‘இயந்திரத்தைப் பறிமுதல் செய்துகொள்ளுங்கள்’ என்று முதலாளியே காதோடு சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு வாய்த்த அச்சக முதலாளிகள் காதோடு சொன்னதெல்லாம் பழைய பாக்கியைப் பற்றித்தான்.

சரி, அந்த 12 கோரிக்கைகளில் முதலாவது என்ன தெரியுமா? பத்திரிகைச் சுதந்திரம். தணிக்கையை ஒழி என்பதை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் கேட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வருகிறேன்.

மார்ச் 15 வந்தால் கட்சி பேதமில்லாமல் எல்லாரும் குத்திக்கொண்ட ரிப்பன் அது. சண்டை என்று இருந்தால் வெளிவட்டத்தில் சிவப்பு வர வேண்டுமா, பச்சை வர வேண்டுமா என்பதில்தான். நிறங்களை நடுவிலிருந்து வெளியே படிப்பதுதான் முறை, ஆகவே பச்சைதான் வெளியே என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். பெரும்பாலான ஜனங்கள் சிவப்பை வெளியே வைத்துக் குத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகைச் சண்டை இது, யாருக்கும் அடிபடாது. பிறகு 2002 தேர்தல் வந்தது. பிரதமராக இருந்த ஓர்பான், மார்ச் 15 முடிந்தும் ரிப்பனைக் கழற்ற வேண்டாம் என்று தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். தேர்தலில் தோற்றார். ஆனால் ரிப்பன் அவரோடு போய்விட்டது. மறு தரப்பில் இருந்தவர்கள் தங்கள் தாத்தாவின் சின்னத்தைக் குத்திக்கொள்ளவே யோசிக்க வேண்டியதாயிற்று.

படத்தில் ஆபெல் செய்த குற்றம், மார்ச்சில் குத்தியதைக் கோட்டிலிருந்து கழற்ற மறந்தது. பள்ளியிறுதி வாய்மொழித் தேர்வுக்கு அதே கோட்டோடு போய் நிற்கிறான். இளைஞர் அரசியல் என்கிறீர்களே, அந்தப் பையனுக்கு ஏது அரசியல்? அவனுக்கு இருப்பது கூடப் படிக்கும் யான்கா மேல் காதல். யான்காவுக்கோ வரலாற்று வாத்தியார் மேல். வாத்தியாருக்குக் கல்யாணமாகிவிட்டது. தேர்வு மேசைக்கு முன்னால் உட்கார்ந்த ஆபெலுக்கு வாயே திறக்கவில்லை. வாத்தியார் ரிப்பனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். பையன் ஃபெயில். வீட்டில் அப்பா கேட்கும்போது ‘படிக்கவில்லை’ என்று சொல்லத் தைரியம் இல்லாமல், ரிப்பனைப் பற்றிக் கேட்டார்கள் என்கிறான். பொய் இல்லை, கேட்டார்கள்தான். அப்பா அரசுக் கட்சிக்காரர் (படத்தின் காலத்தில் அது ஓர்பானின் கட்சி), வாத்தியார் எதிர் அணி, இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆகாது. அப்புறம் என்ன?

எனக்குத் தூக்கம் கெட்டது அப்பாவாலும் இல்லை, வாத்தியாராலும் இல்லை. இதைச் செய்தியாக எழுதும் ஓர் இளம் பெண் நிருபரால். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. வேலைக்குப் புதுசு, பெயர் வாங்க வேண்டும். ரிப்பன் இருந்தது, வாத்தியார் கேட்டார், பையன் ஃபெயில். மூன்றும் நடந்தவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள், அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இப்படி மூன்று உண்மைகளை வரிசையாக அடுக்கி என் மேசைக்கு வந்த செய்திகள் எத்தனை! இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ‘அதனால்’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். அதை அடிப்பதற்காகவே தனியாக ஒரு சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன். சில நாள் அடிக்காமலும் விட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஊரில் சிவப்புப் பேனாவும் ஒரே பக்கம்தான் எழுதும். 2018-ல் அரசுக்கு வேண்டிய முதலாளிகள் 400-க்கும் மேற்பட்ட பத்திரிகை, டிவி, ரேடியோ, இணையதளங்களை ஒரே அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். இலவசமாக. இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விஷயம், போட்டி விதிகளின்படி யாரும் ஆராய வேண்டாம் என்று அரசும் ஆணை போட்டது. பெத்தோஃபியின் முதல் கோரிக்கை போன இடம் அது. ரிப்பன் மட்டும் கோட்டில் இருக்கிறது.

நடுநிலை பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கன்னத்திலும் தலா ஐந்து அறை கொடுப்பதுதான் நடுநிலை என்று சொல்லும் விமர்சகர் ஒருவரோடு எனக்கு இருபது வருட வழக்கு. பெயர் சொல்ல மாட்டேன், ஒழுங்காகச் சந்தா கட்டுகிறார். இயக்குநர் காபோர் ரெய்ஸ் யாரையும் அறையவில்லை. கடுப்பேற்றும் அப்பாவையும் மகனுக்காகத் துடிப்பவராகக் காட்டுகிறார். முற்போக்கு வாத்தியாருக்குத் தன் வாய் மேல் கட்டுப்பாடு இல்லை. இத்தனைக்கும் ஹங்கேரி அரசின் பணம் ஒரு காசு வாங்காமல் எடுத்த படம். கோபமாக எடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 2023 வெனிஸ் விழாவில், புதிய போக்குகளுக்கான ஒரிசோந்தி பிரிவில் சிறந்த படம் என்று கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

கடைசியில் பையன் பாஸா, ஃபெயிலா என்று மற்ற வாசகர்கள் கேட்பார்கள். நீங்களும் சொல்லாதீர்கள், நானும் சொல்லவில்லை. அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், வெறும் இரண்டரை மணி நேரம்தான்.