அபாட் – காஸ்டெல்லோ கேள்வி பதில்: எடுத்துக் கொடுப்பவருக்கே பங்கு அதிகம்

1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கலக்கிய நகைச்சுவை ஜோடிகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். இதில் அபாட் முகம் மாறாமல் வசனத்தை எடுத்துக் கொடுப்பவர், காஸ்டெல்லோ அதை வைத்துச் சிரிப்பை வாங்குபவர்.

கேள்வி: அபாட், காஸ்டெல்லோ நிகழ்ச்சியில் நாலைந்து பகுதி பார்த்தேன். கதை என்று ஒன்றுமே இல்லையே சார்?

இல்லைதான். 1952 முதல் 1954 வரை வந்த 52 பகுதிகளில், அதுவும் முதல் பருவத்தில், கதை வெறும் சாக்கு. வேலைவெட்டி இல்லாத இரண்டு பேர், வாடகை பாக்கி, வாசலில் வீட்டுக்காரர் சிட்னி ஃபீல்ட்ஸ். மேடையில் பல வருஷம் ஆடித் தேய்ந்த துணுக்குகளை, அதாவது சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளை, இந்த நூலில் கோத்துவிட்டார்கள். பர்லெஸ்க் என்ற அந்தக் கால அமெரிக்கக் கேளிக்கை அரங்குகளில் அவற்றில் பலவும் பொதுச்சொத்து. எந்த ஜோடியும் எடுத்து ஆடலாம். இரண்டாம் பருவத்தில் கதை கூடியது, எனக்கு ருசி குறைந்தது.

கேள்வி: எனக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. அந்தப் புகழ்பெற்ற பேஸ்பால் துணுக்கு புரியுமா?

தாராளமாகப் புரியும். மைதானத்தில் முதல் இடத்தில் நிற்கும் ஆட்டக்காரரின் பெயரே 'யார்', இன்னொருவர் பெயர் 'என்ன', மூன்றாமவர் பெயர் 'எனக்குத் தெரியாது'. இது போதும். "முதல் இடத்தில் நிற்பவனுக்குச் சம்பளம் கொடுத்தால் அதை வாங்குவது யார்?" என்று காஸ்டெல்லோ கேட்டால், "ஆமாம், ஒரு டாலர் விடாமல்" என்பார் அபாட். அவர் பொய்யே சொல்லவில்லை, அதுதான் கொடுமை. 1938இல் வானொலியில் பேசியபோதே பிரபலமாகிவிட்டது. 1956இல் அதன் தங்க இசைத்தட்டு கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்தது எது அண்ணா?

7 பெருக்கல் 13 சமம் 28! முதலில் 1941இல் சினிமாவில் வந்தது. தொலைக்காட்சியில் வாடகைக் கணக்காக மாறியது. 28தான் என்று காஸ்டெல்லோ சாதிப்பார். முதலில் 28ஐ 7ஆல் வகுத்துக் காட்டுவார். 2இல் 7 போகாது, அதனால் 2ஐ ஓரமாக வைத்துவிடுவார். 8இல் 7 ஒரு தடவை. 1 எழுதுவார், மீதி 1. ஓரமாக வைத்த 2ஐ இப்போது அதன் பக்கத்தில் கொண்டுவந்தால் 21, அதில் 7 மூன்று தடவை. ஆக 13! அடுத்து பெருக்கல்: மூவேழு இருபத்தொன்று, ஓரேழு ஏழு, இரண்டையும் கூட்டினால் 28. கடைசியில் எதிராளி ஏழு பதிமூன்றுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி 3, 6, 9 என்று 21 வரை கூட்டிக்கொண்டு வருவார். அங்கே காஸ்டெல்லோ புகுந்து, பக்கத்து ஒன்றுகளை 22, 23 என்று எண்ணி 28இல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

ஒவ்வொரு படியும் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே இருக்கிறது, பாருங்கள். அடுத்த வரி என்ன என்று தெரிந்தும் சிரிக்கிறோம், எதிராளியின் முகத்துக்காக.

கேள்வி: அபாட் சும்மா அதட்டுகிறார், அறைகிறார். அவருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தொடக்கத்தில் வருமானத்தை 60க்கு 40 என்று பிரித்தார்கள், 60 அபாட்டுக்கு! சிரிப்பை வாங்குபவர் எங்கும் கிடைப்பார், சரியாக எடுத்துக் கொடுப்பவர் கிடைப்பது அரிது என்பது மேடைக்காரர்களின் கணக்கு. காஸ்டெல்லோ எங்கே தடம் மாறினாலும் அரை நொடியில் இழுத்துவந்து பழைய வரியில் நிறுத்துவது அபாட்தான். அறை எனக்கும் உறுத்தும். ஆனால் அவர் முகத்தில் ஒரு சிரிப்புக் கீற்று வந்தாலும் துணுக்கு செத்துவிடும்.

இன்னொரு ஜோடி, ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன். முதலில் நகைச்சுவை வசனமெல்லாம் ஜார்ஜுக்கு. கிரேசி கேட்ட கேள்விக்கே கூட்டம் சிரித்தது. ஜார்ஜ் பேசாமல் சிரிப்பு வசனத்தை கிரேசிக்குக் கொடுத்துவிட்டு, எடுத்துக் கொடுப்பவராக மாறிக்கொண்டார். அப்புறம் 1950 முதல் 1958 வரை தொலைக்காட்சியில் கதைக்கு நடுவே சுருட்டோடு நம் பக்கம் திரும்பிப் பேசுவார். மனிதருக்கு அலட்டலே கிடையாது.

கேள்வி: டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ்?

நேரலையில் அவர்கள் வேறு ரகம், பாதி வசனம் காற்றில் போய்விடும். 1956இல் பிரிந்தார்கள். எனக்கு அளந்து பேசும் ஜோடிகள்தான் பிடிக்கும்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

தொப்பிக் கம்பெனி துணுக்கிலிருந்து. சஸ்கெஹான்னா தொப்பிக் கம்பெனிக்கு வழி கேட்பார் காஸ்டெல்லோ. அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரில் வருபவர் ஒவ்வொருவரும் வெறிபிடித்து ஒரு தொப்பியை நாசமாக்குவார்.