நாக் குழு வந்தால் எதைக் காட்டுவது? கல்வியியல் கல்லூரிகளுக்கான கேள்வி பதில்

சென்னைக் கல்வியியல் கல்லூரிகளில் 23 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தாம்பரம், உதவிப் பேராசிரியர்: மேடம், என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம்தான் இருக்கிறதே, நாக் வேறு எதற்கு என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு வேலை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த என்.சி.டி.இ., பி.எட். நடத்த அனுமதி தருகிறது. அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்ப்பது, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 1994-இல் ஏற்படுத்திய நாக். கல்வியியல் கல்லூரிகளுக்கென்றே தனிக் கையேடு இருக்கிறது. கலைக் கல்லூரி அறிக்கையை முன்மாதிரியாக வைத்து எழுத உட்காராதீர்கள்.

அம்பத்தூர், ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர்: எஸ்.எஸ்.ஆர். (நாக்குக்குத் தர்ற சுய ஆய்வு அறிக்கை) எழுதிட்டு இருக்கோம் மேடம். செமினார் போட்டோ, சான்றிதழ் எல்லாம் கட்டுக்கட்டா இருக்கு. கற்பித்தல் தரத்துக்கு எதை வைக்கிறது?

போட்டோவை ஓரமாக வையுங்கள். பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது பள்ளி அனுபவம் 20 வாரமாயிற்று. அதில் 16 வாரம் முழுநேர இன்டர்ன்ஷிப். உங்கள் ஆதாரம் அந்த வாரங்களில்தான் கிடக்கிறது.

ஒரு பாடக்குறிப்பு நோட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் பின்னங்கள் நடத்திய பி.எட். மாணவி ஒருத்தியுடையது. மூன்றைவிட நான்கு பெரியது, ஆகவே கால் பங்குதான் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையில், "விதியைச் சொல்லிவிட்டாய், பிள்ளை பார்க்கவில்லையே" என்று எழுதியிருந்தார். மறுநாள் குறிப்பில் ஒரே நீளக் காகிதப் பட்டைகள் இரண்டு. ஒன்றை மூன்றாக, இன்னொன்றை நான்காக மடிக்கச் சொல்லியிருந்தாள். கீழே, எத்தனை பிள்ளைகளுக்குப் புரிந்தது, யாருக்கு மறுபடி சொல்ல வேண்டும் என்ற கணக்கு.

அந்த இரண்டு பக்கம் போதும். பிள்ளையின் தவறு, வழிகாட்டியின் குறிப்பு, மாறிய பாடம் மூன்றும் அதில் இருக்கின்றன. எல்லா நோட்டிலும் "நன்று, இன்னும் முயல்க" என்று ஒரே வரி இருந்தால் எனக்கு மனசே ஆறாது. அந்தப் பி.எட். மாணவர் நடத்திய வகுப்பை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வேளச்சேரி, பி.எட். இரண்டாம் ஆண்டு: மேம், நாக்கிலிருந்து எங்களுக்கே மெயில் வருமாமே? எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு போடச் சொல்றாங்க.

வரும்மா. மாணவர் கருத்துக் கணிப்பு அது. உன் அனுபவத்தை அப்படியே சொல், பயப்படாதே.

பெயர் வேண்டாம் என்ற முதல்வர்: மூன்று வருட இன்டர்ன்ஷிப் பதிவேடு சரியாக இல்லை. இப்போது எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் சார். மூன்று வருடப் பதிவேடு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். அதைவிட, நாளைக்கு வகுப்பில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு நாமே பொய்க்கணக்கைப் பழக்குகிறோம். இருப்பதை மட்டும் காட்டுங்கள். பயிற்சி கொடுத்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை நேரில் பாருங்கள். வருகைப் பதிவும் மதிப்பெண் தாளும் அங்கே இருக்கக்கூடும். முன்னாள் மாணவர்கள் பலர் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். குறையை அறிக்கையில் ஒத்துக்கொண்டு, இந்த ஆண்டு யார், எந்தக் கிழமை, எந்தப் பள்ளிக்குப் போய்ப் பாடம் பார்ப்பது என்ற பட்டியலை இன்றைக்கே போடுங்கள்.