கடினமான முடிவுகளை எடுக்கும்போது அறக் கோட்பாடுகள் உண்மையிலேயே கைகொடுக்கின்றனவா?

எனக்குக் கைகொடுத்தன, பாதி தூரம் வரை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு பைக் விபத்தில் தலையில் அடி. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து அதை உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் நான் அவன் அருகிலேயே இருந்தேன். வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்கியது. கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் இறந்துவிட்டான் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

உறுப்பு தானம் பற்றிக் கேட்டபோது, கல்லூரியில் படித்த தத்துவஞானி பெந்தாமின் கணக்குதான் முதலில் வந்து நின்றது: அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி. சிறுநீரகம் இரண்டு, கல்லீரல், இதயம், கண்கள். இத்தனை பேர் வாழ்வார்கள், இவன் பிழைக்கப்போவதில்லை. கணக்கில் பிழையே இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அதன் காரணத்தை எனக்குப் புரியவைத்தவர் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785இல் எழுதியவர். அவனைக் கேட்காமல் அவனை எடுத்துக் கொடுக்க நான் யார்?

மாமா 72ஆம் குறளைச் சொன்னார்: "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு." எலும்பையும் தரலாம், சரி. ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது தன்னையே தருகிறவனைப் பற்றி. தம்பியைத் தருகிற அண்ணனுக்கு அதில் இடம் எங்கே? இவனுக்கு நினைவிருந்தால் என்ன சொல்வான் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அவன் பர்ஸை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஓரம் நைந்த ரத்ததான அட்டை. பின்பக்கம் முழுக்கத் தேதிகள், ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அம்மா ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார்.

"அவன் கொடுக்கட்டும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கண் மட்டும் வேண்டாம் ராஜா."

எந்தெந்த உறுப்பைத் தருகிறோம் என்று படிவத்தில் குறிப்பிடலாம். கருவிழிகள் இரண்டும் இரண்டு பேருக்குப் பார்வை தரும். முகம் சிதையாது என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். தலையசைத்து மறுத்துவிட்டார். பெந்தாம் என் இடத்தில் இருந்திருந்தால் விடாமல் வாதாடியிருப்பார். யாரையும் நெருக்கிச் சம்மதம் வாங்கக் கூடாது என்பது அப்பா எங்களை வளர்த்த விதம். துக்கத்தில் இருக்கும் தாயை நெருக்குவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

பார்வை கிடைக்காமல் போன அந்த இருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மறுபடி அதே வராந்தாவில் நிற்க நேர்ந்தால், அம்மாவிடம் இரண்டாம் முறை கேட்க மாட்டேன்.