ரோமில் நமக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி:

அம்மா, நான் 3 வருடங்களாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடுவதில்லை. ஒரு பண்ணையில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து மனசு ஒப்பவில்லை. கணவர் சுத்த சைவம். முட்டைகூடச் சாப்பிடமாட்டார், ஆனால் பால் காபியும் தயிரும் வேண்டும். எங்கள் 10-வது திருமண நாளுக்காக வரும் மார்ச்சில் ஆறு நாள் ரோம் போகிறோம். தங்குவது ஹோட்டலில், சமைக்க வசதியில்லை. "இத்தாலியில் சீஸ் இல்லாமல் ஒன்றுமே கிடையாது, பிரெட்டும் ஆப்பிளும்தான் கதி" என்கிறார்கள் போய்வந்தவர்கள். "ஆறு நாளைக்கு மட்டும் பால் ஐட்டம் சேத்துக்கோயேன், யார் பாக்கப்போறா?" என்கிறார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை, நான் பட்டினி கிடப்பேனே என்ற அக்கறையில்தான் சொல்கிறார். அதனால்தான் எனக்குக் குழப்பம். என்ன செய்யட்டும்?

- வாசகி, ஈரோடு

பதில்:

விட்டுக்கொடுக்க வேண்டாம் அம்மா. கொள்கைப் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. ரோமில் அதற்கு அவசியமே வராது. நானும் ஒரு மார்ச் மாதம் அந்த ஊரில் பத்து நாள் இருந்தேன். வீகன் உணவகங்களைத் தேடி அலைந்த முதல் இரண்டு நாள்தான் பசியோடு படுத்தேன். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கிய பிறகு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

அங்கே அந்தக் காலத்தில் சீஸும் கறியும் பணக்காரச் சாப்பாடு. காசு இல்லாத வீடுகளில் கொண்டைக்கடலை, கீரை, தக்காளி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் இவற்றை வைத்துத்தான் பிழைத்தார்கள். போதாக்குறைக்குக் கத்தோலிக்க ஊர். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் கறி விலக்கும் நாட்களாக இருந்தன. அந்தப் பழைய சமையல் இன்றும் அப்படியே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான மெனுவின் முதல் பக்கத்தில் மட்டும் அது இருக்காது.

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். நம்மூரில் சைவம் என்றால் பால் உண்டு, முட்டை கிடையாது. அங்கே வெஜிடேரியன் என்றால் பாலும் உண்டு, முட்டையும் உண்டு. ஆக, அந்தச் சொல் உங்களுக்கும் உதவாது, உங்கள் கணவருக்கும் உதவாது. "வெகானா" என்று சொன்னால் இளவயதுக்காரர்களுக்கு உடனே புரியும். வயதான சமையல்காரர்களிடம் அதுவும் போதாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவகம். காய்கறி சூப்தானே என்று மினெஸ்த்ரோனே கேட்டேன். பால் இல்லை, கறி இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுக் கொண்டுவந்தார்கள். அருமையாக இருந்தது. பாதி சாப்பிட்டதும் கரண்டியில் வெந்த பனங்கிழங்குத் துண்டு போல மஞ்சளாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பார்மிஜானோ சீஸின் மேல்தோல். ருசிக்காக அதை சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவது அங்கே வழக்கமாம். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நம் வீட்டில் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டதைத் தனியாகச் சொல்வோமா? அந்த மாதிரி.

அதனால் நான் கற்றுக்கொண்டது, "நான் இன்னார்" என்று சொல்வதைவிட, "இன்னின்னது வேண்டாம்" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான். "சென்ஸா" என்றால் "இல்லாமல்". சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ, சீஸ் இல்லாமல். சென்ஸா பூர்ரோ, வெண்ணெய் இல்லாமல். சென்ஸா லாத்தே, பால் இல்லாமல். சென்ஸா உவோவா, முட்டை இல்லாமல். இன்னும் இரண்டு முக்கியம். அலீச்சி என்பது நம் நெத்திலி மாதிரிச் சின்ன மீன், கீரையில்கூட அரைத்துக் கலந்துவிடுவார்கள். ஸ்த்ரூத்தோ என்பது பன்றிக்கொழுப்பு, சில கடைகளில் ரொட்டி மாவில் சேர்ப்பதுண்டு. இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். உச்சரிப்பு வராவிட்டால் சீட்டை நீட்டுங்கள், வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சமையல்காரரிடமே கேட்டு வருவார்கள்.

சட்டமும் உங்களுக்குத் துணை. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் உணவில் இருந்தால் கடைக்காரர் தெரிவித்தே ஆக வேண்டும். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சிப்பி வகை ஐந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் போட்டிருந்தால் அது இதுதான், எண்களின் விளக்கம் பெரும்பாலும் மெனுவின் கடைசியில் இருக்கும். சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் அந்தச் சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். இத்தாலியன் தெரியாவிட்டாலும் லாத்தே, உவோவா இரண்டும் கண்ணில் பட்டுவிடும். கறி, கொழுப்பு, தேன் இவை அந்த 14-ல் வராது. அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தேனுக்கு மியேலே என்று பெயர்.

சரி, என்ன சாப்பிடுவது? நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். மார்ச்சில் ரோமில் ஆர்ட்டிசோக் காலம். உருண்டையான, ஊதா ஓடிய பெரிய மொக்கு அது. சந்தையில் ஒரு பாட்டி உட்கார்ந்து அதைச் சீவிக்கொண்டிருந்ததை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். நாம் வாழைப்பூவை உரிப்பது போலவே வெளி இதழ்களைக் கழற்றி எறிகிறார். சின்ன வளைந்த கத்தியால் மொக்கைச் சுற்றிச்சுற்றி வந்து, முற்றிய நுனிகளை மட்டும் சீவி, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுகிறார். கறுத்துப்போகாமல் இருக்க நாம் வாழைப்பூவை மோரில் போடுவோமே, அதே காரணம்தான். விரல் நுனியெல்லாம் கறுப்பு. எனக்கு என் அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

அதை இரண்டு விதமாகச் சமைக்கிறார்கள். கார்ச்சோஃபி அல்லா ரொமானா என்றால் பூண்டும் ஒருவகைக் காட்டுப் புதினாவும் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்தது. கார்ச்சோஃபி அல்லா ஜுதியா என்றால் யூதர் முறையில் முழு மொக்கையும் எண்ணெயில் இரண்டு முறை பொரித்தது. இதழ்கள் பூவாக விரிந்து அப்பளம் போல நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெயாகக் கரையும். இதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் போர்த்திகோ தொத்தாவியா தெருவும் அதைச் சுற்றியுள்ள பழைய யூதச் சேரியும். 1555-ல் போப் நான்காம் பவுல் யூதர்களை அந்தச் சேரிக்குள் அடைத்தார். 1870-ல் போப்பின் ஆட்சி முடிந்த பிறகுதான் அந்த அடைப்பு முடிவுக்கு வந்தது. 300 ஆண்டுகள் நெருக்கடியில் கிடந்தவர்கள், கிடைத்த காயையும் எண்ணெயையும் வைத்து உருவாக்கிய ருசி அது.

அந்தத் தெருவில் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. யூத மத விதிப்படி கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. குட்டியை அதன் தாயின் பாலிலேயே வேகவைக்கக் கூடாது என்ற பழைய கட்டளையிலிருந்து வந்த விதி. அதனால் கறி சமைக்கும் கோஷர் (யூத மத விதிப்படி நடக்கும்) உணவகத்தில் வெண்ணெய், சீஸ், பால் எதுவும் உள்ளேயே நுழையாது. நீங்கள் கேட்கும் காய்கறியில் பால் கலந்திருக்குமோ என்ற பயமே வேண்டாம். முட்டை, மீன், ஒரே எண்ணெயில் பொரிப்பது, இவற்றை மட்டும் விசாரியுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் இந்தக் கடைகளை மூடிவிடுவார்கள், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

தினசரிச் சாப்பாட்டுக்கு மெனுவில் "கொந்தோர்னி" என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். அது தொடுகறிப் பட்டியல். சிகோரியா ரிபஸ்ஸாதா என்று ஒன்று இருக்கும். லேசாகக் கசக்கும் கீரையை வேகவைத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் தாளித்துப் புரட்டியது. நம் கீரைப் பொரியலின் தங்கை என்றே சொல்வேன். புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டில் அலீச்சி இருக்கும், "சென்ஸா" போட்டுக் கேளுங்கள். பாஸ்தாவில் கடையில் பாக்கெட்டில் விற்கும் காய்ந்த வகை கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், இத்தாலியச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஸ்பகெத்தி, பென்னே பெரும்பாலும் அந்த வகை. ஃபெத்துச்சீனே, லசான்யா, ரவியோலி போன்றவற்றில் முட்டை இருக்கும். பென்னே அல்லாரப்பியாதா கேளுங்கள். தக்காளி, பூண்டு, மிளகாய். ரோமில் எனக்குக் காரமாகக் கிடைத்த ஒரே சாப்பாடு அது. மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா எ சேச்சி வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் இருக்கும், அதிலும் நெத்திலியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்போனாரா, அமத்ரிச்சானா, க்ரீச்சா, காச்சோ எ பேபே என்று ரோம் பெருமைப்படும் நான்கு பாஸ்தாக்களும் நமக்கு ஆகாது.

பீட்ஸாவில் மரினாரா. பெயரைக் கேட்டு மீன் என்று பயப்பட வேண்டாம். கடலோடிகளின் பீட்ஸா என்று அர்த்தம், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். மதியம் 3 மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டு 7.30-க்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையில் உங்களைக் காப்பாற்றுவது "ஃபொர்னோ" என்று பலகை போட்ட பேக்கரி. தக்காளி மட்டும் தடவிய பீட்ஸா ரொஸ்ஸா, எண்ணெயும் உப்பும் மட்டும் போட்ட பீட்ஸா பியான்கா இரண்டையும் நீளப் பலகையில் வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் அந்த இடத்தில் வெட்டி, எடைபோட்டுத் தருவார்கள். சூடாக, காகிதத்தில் எண்ணெய் ஊறிவரும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி ஸ்த்ரூத்தோ.

இப்போது உங்கள் கணவருக்கு ஒரு விஷயம். இதை அவர் பக்கத்தில் இருக்கும்போதே படியுங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். ரோமின் பெக்கோரினோ சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. அந்தப் பெயர்களில் விற்க வேண்டுமானால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. நம்மூரில் பச்சைப் புள்ளி போட்டு வரும் சீஸ் வேறு, இது வேறு. கறி தொடாத மனிதர் அங்கே சீஸைத் தைரியமாகச் சாப்பிட முடியாது. "கால்யோ வெஜெதாலே", தாவர உறைபொருள்தானா என்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆக, "சேர்த்துக்கோயேன்" என்று அவர் உங்களுக்குச் சொன்ன தட்டில் அவராலேயே கைவைக்க முடியாது. இதைச் சண்டைக்காகச் சொல்லாதீர்கள். அவர் அக்கறையில் பேசியவர். "வாங்க, ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். உங்களுக்குச் சரியானது அத்தனையும் அவருக்கும் சரியாகத்தானே இருக்கும்.

காலையில் காபிக் கடையில் வெறும் "லாத்தே" என்று கேட்டுவிடாதீர்கள், ஒரு டம்ளர் பால்தான் வரும். "கப்புச்சீனோ தி சோயா" அல்லது ஓட்ஸ் பாலுக்கு "அவேனா". கொர்னெத்தோ என்ற ரோலில் வெண்ணெய், முட்டை உண்டு. வீகன் கொர்னெத்தோ பல கடைகளில் வைத்திருக்கிறார்கள், தேன் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சிசிலியிலிருந்து வரும் சிவப்பு ஆரஞ்சைக் கண்ணெதிரே பிழிந்து தருவார்கள், அதை விடாதீர்கள். ஐஸ்கிரீம் கடையில் எலுமிச்சை, ஸ்ட்ராபெர்ரி போன்ற பழ வகைகளைப் பெரும்பாலும் தண்ணீரில்தான் செய்கிறார்கள், கோனுக்குப் பதில் கப்பில் வாங்குங்கள். குடிதண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவெங்கும் நஸோனி என்ற இரும்புக் குழாய்கள், ஊர் முழுக்கச் சுமார் 2,500. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து வாய்க்கே வரும்.

நாக்கு நம்மூர்க் காய்க்கு ஏங்கினால் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குயிலீனோ சந்தை. தெற்காசியக் கடைக்காரர்கள் நிறையப் பேர். சமைக்க முடியாவிட்டாலும் பழமும் பச்சைமிளகாயும் வாங்கலாம். ஞாயிறு விடுமுறை.

பெட்டியில் ரைஸ் குக்கர் வேண்டாம், பல ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அவல் போதும். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாங்காய் எதையும் எடுத்துப்போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பாலில் செய்த இனிப்பும் நெய்யும் கொண்டுபோகத் தடை என்பதை உங்கள் மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் மைசூர்பாகு டப்பாவோடு வந்து நிற்பார்.

விமானத்தில் "இந்து சைவம்" என்று பதிவு செய்தால் தயிரும் பனீரும் வரும். உங்களுக்கு வி.ஜி.எம்.எல். என்ற குறியீடு, கணவருக்கு ஏ.வி.எம்.எல்., இரண்டையும் கிளம்புவதற்கு 2 நாள் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். ஹேப்பிகவ் என்ற செயலியையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், அருகில் உள்ள வீகன் கடைகளை அது வரைபடத்தில் காட்டும்.

மனசு தளர்வது பெரும்பாலும் முதல் நாள் ராத்திரிதான். களைப்பு, பசி, புரியாத மொழி, கண்ணெதிரே சீஸ் மணக்கும் தட்டுகள். அதனால் அந்த ராத்திரிக்கு மட்டும் எதையும் தேடவேண்டிய நிலை வரக்கூடாது. ஹோட்டலுக்குப் பக்கத்தில் எந்த ஃபொர்னோ, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஈரோட்டில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். போய் இறங்கியதும் பெட்டியை அறையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் நேராக அங்கே நடங்கள். பீட்ஸா ரொஸ்ஸா, ஆளுக்கு 200 கிராம்.