மறு: சிஇஓ ஓய்வு, உள்ளே இருவர், யாரைத் தேர்ந்தெடுப்பது?
உங்கள் சில்லறைக் கடை நிறுவனத்தில் 18 மாதத்தில் சிஇஓ (தலைமைச் செயல் அதிகாரி) ஓய்வு பெறுகிறார், அடுத்து கொள்முதல் தலைவரா, கடைகள் பிரிவுத் தலைவரா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை இப்போதே முடிவு செய்யாதீர்கள். இருவரையும் 12 மாதம் ஒருவர் பதவியில் மற்றவராக இடம் மாற்றுங்கள், லாப நட்டப் பொறுப்போடு. விற்காத சரக்கைத் தள்ளுபடி போட்டுக் கழிக்கும்போதுதான் கொள்முதல்காரருக்குத் தான் போட்ட ஆர்டரின் வலி தெரியும். ஒரு சீசன் போதாது. அதில் முந்தையவர் வாங்கிய சரக்கைத்தான் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்கக் கடை நிறுவனமான வால்மார்ட்டில் டக் மெக்மில்லன், சாம்ஸ் கிளப் (அதன் உறுப்பினர்களுக்கான மொத்த விற்பனைக் கடைகள்), பன்னாட்டுப் பிரிவு இரண்டையும் நடத்திய பிறகே 2014 பிப்ரவரி 1 அன்று சிஇஓவாகப் பொறுப்பேற்றார். தேதியைக் கவனியுங்கள்: ஆண்டிறுதி விற்பனை முடிந்து, அவர்களின் புது நிதியாண்டு தொடங்கும் நாள். சீசன் நடுவே மாற்றினால், தேங்கிய சரக்கு யார் கணக்கில் என்ற பஞ்சாயத்துதான் மிஞ்சும்.

தேர்வாகாதவர் பெரும்பாலும் கிளம்பிவிடுவார். அவர் நாற்காலிக்கும் இப்போதே ஆள் பாருங்கள்.