தொலைந்த ட்ரோனும் நிறுவனத்தின் பதிலும்: கேள்வி பதில்

ட்ரோன்களைப் பறக்கவிட்டும் பழுதுபார்த்தும் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டை நானே தொலைத்திருக்கிறேன். ஒன்றுக்கு நிறுவனம் மாற்று கொடுத்தது, மற்றதற்குக் கொடுக்கவில்லை. இரண்டு முடிவுகளுமே சரியானவை என்று இன்றும் நினைக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): அண்ணா, நேற்று மாலை தென்னந்தோப்புக்கு மேல் பறந்தபோது திரை உறைந்து தொடர்பு அறுந்துவிட்டது. ட்ரோன் திரும்பவில்லை. உடனே நிறுவனத்துக்கு எழுதட்டுமா?

பதில்: எழுதுங்கள் தம்பி. ஆனால் அதற்கு முன் கைபேசியைப் பத்திரப்படுத்துங்கள். செயலியை நீக்கவோ கைபேசியை ரீசெட் செய்யவோ வேண்டாம். செயலியில் ஃப்ளைட் ரெக்கார்ட் என்ற பெயரில் இருக்கும் பறப்புப் பதிவுதான் உங்கள் ஒரே சாட்சி. உயரம், தூரம், பேட்டரி, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை, உங்கள் விரல் ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளியது என எல்லாம் அதில் ஒவ்வொரு வினாடிக்கும் பதிந்திருக்கும். ரிமோட்டிலேயே திரை இருந்தால் பதிவு ரிமோட்டுக்குள் இருக்கும். அதை நகலெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

இன்னொன்று. கைபேசியில் உள்ள பதிவு, தொடர்பு அறுந்த நொடியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்தது ட்ரோனுக்குள் இருக்கும் நினைவகத்துக்கு மட்டுமே தெரியும். ஆகவே வரைபடத்தில் தெரியும் கடைசிப் புள்ளியை விழுந்த இடம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே சுற்றாதீர்கள். தொடர்பு அறுந்ததும் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்ப முயன்றிருக்கும். கடைசிப் புள்ளியிலிருந்து கிளம்பிய இடத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டு, அந்தக் கோட்டில் இருக்கும் உயரமான மரங்களை முதலில் பாருங்கள். கோத்தகிரியில் நான் தொலைத்தது இப்படித்தான். தானாகத் திரும்பும்போது பறக்க வேண்டிய உயரத்தை 20 மீட்டரில் வைத்திருந்தேன், தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் அதைவிட உயர்ந்து நின்றன. தவறு என்னுடையது, மாற்றும் கிடைக்கவில்லை.

கேள்வி (நாகர்கோவில்): ஐயா, ஜூலை மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் படமெடுக்கப் போனேன். ட்ரோன் காற்றோடு போய்விட்டது. 'காற்று எல்லையை மீறியது' என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. நியாயமா?

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன், நியாயம்தான். 250 கிராமுக்குக் குறைந்த சிறிய ட்ரோன்களில் பலவற்றுக்கு வினாடிக்கு 10.7 மீட்டர்தான் காற்றின் எல்லை, அதாவது மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் நெருக்கிக்கொண்டு வருவதால்தான் ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எதிர்காற்றும் ட்ரோனின் வேகமும் சமமானால் அது நின்ற இடத்திலேயே பேட்டரியைத் தின்றுவிடும். செயலி காட்டிய காற்று எச்சரிக்கையும் பதிவில் இருக்கும்.

கேள்வி (மதுரை): பதிவை அனுப்பினேன். 'பயனர் தவறு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இதற்கு மேல் என்ன செய்வது?

பதில்: அந்த ஒரு வரியோடு விடாதீர்கள். தேனிக்கு அருகே என் ட்ரோன் விழுந்தபோது எனக்கும் இதே பதில்தான் வந்தது. முதலில் கோபத்தில் மூன்று கடிதங்கள் எழுதினேன், மூன்றுக்கும் அதே பதில். நான்காவதில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எந்த நிமிடம், எந்த வினாடியில் என் தவறு நடந்தது?" அப்போதுதான் அவர்கள் அன்று காலையில் நான் பறக்கவிட்ட வேறொரு பறப்பின் பதிவைப் படித்திருந்தார்கள் என்பது தெரிந்தது. சரியான பதிவில், நான் குச்சியைத் தொடாத நேரத்தில் மோட்டார் பிழை என்ற எச்சரிக்கை வந்து, உடனே உயரம் சரிந்திருந்தது. மாற்று வந்தது.

நீங்களும் அப்படியே எழுதுங்கள். வரிசை எண், தேதி, கிளம்பிய நேரம், பதிவுக் கோப்பின் பெயர் ஆகியவை முதல் பத்தியில் இருக்கட்டும். அடுத்ததில், நிமிட வினாடிக் கணக்கோடு நடந்தவை. பிறகு உங்கள் கோரிக்கை, ஒரே வாக்கியத்தில். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காதீர்கள், பதிவு எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். தொலைபேசியில் பேசினால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தின் மேல் சந்தேகப்படுவது வீண் பிடிவாதம் என்று யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள். 2016 நவம்பரில் கேமரா நிறுவனமான கோப்ரோ தன் கர்மா ட்ரோன்கள் சுமார் 2,500-ஐத் திரும்பப் பெற்றது. பறக்கும்போதே மின்சாரம் நின்றுபோனதுதான் காரணம். 2017-இல் டிஜேஐ நிறுவனத்தின் ஸ்பார்க் ட்ரோன்கள் சிலவும் நடுவானில் மின்சாரம் அறுந்து விழுந்தன. செப்டம்பர் 1-க்குள் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் பறக்க முடியாது என்று அந்நிறுவனம் அறிவித்தது.

கேள்வி (சென்னை): துபாயிலிருந்து வந்த ஒருவர் மூலம் வாங்கினேன். பில் இல்லை. உத்தரவாதம் செல்லுமா?

பதில்: பெரும்பாலும் செல்லாது. உத்தரவாதம் பொதுவாக வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அதோடு 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. நிறுவனத்தோடு மல்லுக்கட்ட உங்கள் கையில் தாளே இல்லை என்பதுதான் உண்மை. அடுத்ததையாவது பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி (கோவை, திருமண ஒளிப்படக் கலைஞர்): பில்லும் இருக்கிறது, பதிவும் இருக்கிறது. நிறுவனம் அசையவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்கிறார்களாமே?

பதில்: பலர் இந்த இடத்தில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. நீங்களே பறக்கவிட்டு, நீங்களே படமெடுத்து, அதில் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டூடியோ நடத்துபவருக்கு இது கடினம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அது தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல என்றாலும், பல நிறுவனங்கள் அங்கிருந்து கடிதம் போனதும் வாய் திறக்கின்றன. பிறகு மாவட்ட ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்ற பதில்களிலேயே அந்தக் காலம் கரைந்துவிட வேண்டாம்.

கேள்வி (கடலூர்): கடலில் விழுந்தது. பாதுகாப்புத் திட்டம் வாங்கியிருக்கிறேன். உடைந்த ட்ரோனை அனுப்பச் சொல்கிறார்கள். எங்கே போய் எடுப்பேன்?

பதில்: சாதாரண சேதத் திட்டங்களில் உடைந்த பொருளைக் கொடுத்தால்தான் மாற்று. காணாமல் போனதற்கும் பொறுப்பேற்கும் பிரிவு உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஜேஐ திட்டங்களில் அந்தப் பிரிவு உண்டு. ஆனால் விபத்து நேரத்தில் ட்ரோன் உங்கள் கணக்கோடும் ரிமோட்டோடும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இணைப்பைப் புதிய ட்ரோன் பெட்டியைப் பிரித்த அன்றே செய்துவிடுவது நல்லது.

கேள்வி (திருச்சி): தொலைந்த ட்ரோனுக்கு அரசிடம் பெற்ற பதிவு எண் இருக்கிறது. அதை என்ன செய்ய வேண்டும்?

பதில்: 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, நிரந்தரமாகத் தொலைந்த ட்ரோனின் பதிவை டி-3 படிவம் மூலம் நீக்கிக்கொள்ள வேண்டும். நாளை அதை வேறொருவர் எடுத்துப் பறக்கவிட்டு வம்பு நேர்ந்தால் எண் உங்கள் பெயரில்தான் நிற்கும். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, ரசீதை நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.